சாம்பல் அணிலைப் படிப்பது எப்படி: ஓக் மரத்தடியில் ஓராண்டு

டொரொன்டோவின் ஹை பார்க்கில் நுழைந்தாலும் சரி, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நுழைந்தாலும் சரி, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சாம்பல் அணில் குறுக்கே ஓடும். எங்கும் இருப்பதாலேயே அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பறவை பார்க்க வந்தவர்கள்கூடத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. பட்டப்பகலில், பத்தடி தூரத்தில், இரை தேடுவதும் சண்டையிடுவதும் கூடு கட்டுவதும் துணை தேடுவதுமாகத் தன் வாழ்க்கையை நம் கண்முன்னே நடத்தும் காட்டுப் பாலூட்டி அந்த ஊர்களில் வேறு எது இருக்கிறது?

இந்த அணிலின் ஆண்டு ஓக் கொட்டையில் தொடங்கி ஓக் கொட்டையில் முடிகிறது. குட்டிகள் எத்தனை, குளிரைத் தாண்டியவை எத்தனை, இளசுகள் எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருந்தது என்பதெல்லாம் மரம் எவ்வளவு காய்த்தது என்பதை ஒட்டியே அமைகின்றன. ஆகவே நோட்டை ஜனவரியில் திறக்காதீர்கள். செப்டம்பரில், கொட்டை விழத் தொடங்கும் வாரத்தில் திறங்கள்.

எந்த அணில் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

தமிழில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சரணாலயம் அமைத்துக் காக்கப்படும் 'சாம்பல் நிற அணில்' வேறு. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் மலை அணில் இனம். இங்கே பேசுவது சையுரஸ் கரோலினென்சிஸ், கிழக்கத்திய சாம்பல் அணில். அமெரிக்காவின் கிழக்குப் பாதியும் கனடாவின் தென்கிழக்கும் இதன் தாயகம். தலையும் உடலுமாக 23 முதல் 30 செ.மீ., வால் 19 முதல் 25 செ.மீ., எடை பெரும்பாலும் 400 முதல் 600 கிராம். நம் வீட்டுக் கூரையில் ஓடும் முதுகுக்கோட்டு அணில் நூறு கிராம் அளவுதான் என்பதால், முதல்முறை பார்ப்பவருக்கு இது பூனைக்குட்டி போலத் தோன்றும்.

நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் சொல்லாதீர்கள். முதலில் வயிற்றைப் பாருங்கள்: சாம்பல் அணிலுக்கு வெள்ளை. அடுத்து வால் ஓரத்தைப் பாருங்கள். மயிர் நுனி வெள்ளையாக இருப்பதால் வெயிலுக்கு எதிராகப் பார்க்கையில் வாலைச் சுற்றி வெள்ளி விளிம்பு தெரியும். ஒஹையோ, இண்டியானா, மிச்சிகன் பக்கம் நரி அணிலும் சேர்ந்தே இருக்கும். அதற்கு வயிறும் வால் ஓரமும் ஆரஞ்சுப் பழுப்பு, உடம்பும் பெரிது. ஊசியிலை மரங்கள் இருக்கும் இடத்தில் அமெரிக்கச் செவ்வணில் இருக்கும். அது சாம்பல் அணிலில் பாதி எடைகூட இராது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தன் இடத்துக்குள் யார் வந்தாலும் நிறுத்தாமல் கத்தும் குணம். மரத்தடியில் பைன் அல்லது ஸ்ப்ரூஸ் கூம்புகளின் செதில்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தால் அது செவ்வணிலின் வேலை. சாம்பல் அணில் அப்படி ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை.

கறுப்பு அணில் தனி இனமல்ல. ஒன்டாரியோவிலும் அதை ஒட்டிய வட மாநிலங்களிலும் மிகுதியாகக் காணப்படும் அது, இதே சாம்பல் அணில்தான். மயிருக்கு நிறம் தரும் ஒரு மரபணுவில் டி.என்.ஏ. எழுத்துகள் 24 விடுபட்டுப் போனதால் வந்த கறுப்பு. அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரிக்கட்டை நிறம், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பழுப்புக் கலந்த கறுப்பு. ஒரே ஈற்றில் சாம்பலும் கறுப்பும் பிறக்கும். எண்ணும்போது இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்து, நிறத்தைத் தனிப் பத்தியில் குறியுங்கள். இலினாய் மாநிலத்தின் ஓல்னி நகரில் வெள்ளை அணில்களே பெயர் பெற்றவை. அங்கே கண் இளஞ்சிவப்பு. வட கரோலினாவின் பிரெவர்டில் உள்ள வெள்ளை அணில்களுக்குக் கண் கறுப்பு. வெள்ளை அணில் கண்டால் முதலில் கண் நிறத்தை எழுதுவது இதற்காகத்தான்.

மண்டையோடு கிடைத்தால் பல்லை எண்ணுங்கள். சாம்பல் அணிலுக்கு மொத்தம் 22 பல். மேல்தாடையின் இருபுறமும் கடைவாய்ப் பல் வரிசையின் தொடக்கத்தில் அரிசிமுனை போல ஒரு சிறு பல் இருக்கும். நரி அணிலுக்கு அது இல்லை, மொத்தம் 20. நரி அணிலின் எலும்பு இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

உட்காரும் இடமும் கருவிகளும்

8×42 பைனாகுலர், பென்சில், சிறு நோட்டு, கைக்கடிகாரம், 15 செ.மீ. ஸ்கேல். இவை போதும். கேமரா பிறகு வரட்டும். கேமராவோடு தொடங்குபவர்கள் படத்தைத்தான் பார்க்கிறார்கள், அணிலைப் பார்ப்பதில்லை.

முதிர்ந்த ஓக் இரண்டு மூன்றாவது இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிலாவது பொந்து இருந்தால் நல்லது. அந்த ஓக்குகளிலிருந்து 15 மீட்டர் தள்ளி, வேறொரு மரத்தில் முதுகைச் சாய்த்து, வெயில் உங்கள் பின்னால் விழும்படி உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு முதல் 15, 20 நிமிடம் எதையும் எழுதாதீர்கள். நீங்கள் வந்ததற்கான எச்சரிக்கை அடங்கி, அணில்கள் பழைய வேலைக்குத் திரும்ப அவ்வளவு நேரமாகும். அதற்குள் எழுதுவதெல்லாம் அணிலின் நடத்தை அல்ல, உங்களுக்கு அது காட்டும் பதில்.

நேரம் முக்கியம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் விடிந்த இரண்டு மணி நேரமும் பிற்பகலின் கடைசி இரண்டு மணி நேரமும்தான் நடமாட்டம். நண்பகலில் கிளையில் வயிறு படக் கிடந்து ஓய்வெடுக்கும். கடுங்குளிரில் இது தலைகீழ்: வெயில் ஏறிய பிறகு நண்பகலை ஒட்டி ஒரே முறை வெளியே வரும். காலை ஏழு மணிக்கு ஜனவரியில் போய் உட்கார்ந்து, ஒன்றும் இல்லை என்று திரும்புவது வழக்கமான தவறு.

வேர்க்கடலை நீட்டி அருகே அழைக்காதீர்கள். கைநீட்டினால் வந்து வாங்கும் அணில் அன்றைய நாள் முழுவதும் மனிதர் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனிடம் கற்க ஒன்றும் மிஞ்சாது. விரலையும் கடிக்கும். அந்த முன்பற்கள் வால்நட் ஓட்டைத் துளைப்பவை, வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. பூங்காவின் ஓரத்தில், நடைபாதையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே போனாலே யாரிடமும் கைநீட்டிப் பழகாத அணில்கள் கிடைக்கும்.

தனித்தனியாக அடையாளம் காணப் பழகுங்கள். காதில் கிழிசல், வாலில் வளைவு அல்லது நுனி இழப்பு, கண்ணருகே தழும்பு என்று எது தெரிந்தாலும் ஒரு கோட்டுப் படம் போட்டு எண் கொடுங்கள். பெயர் வைக்கலாம், ஆனால் எண்தான் தேடி எடுக்க எளிது. பின்னங்காலில் எழுந்து நிற்கையில் அடிவயிற்றைப் பாருங்கள். பாலூட்டும் தாய்க்கு எட்டு முலைக்காம்பும் கருத்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்து தெளிவாகத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் விதைப்பை தூரத்திலிருந்தே தெரியும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை: கொட்டைப் பரிசோதனை

ஓக் மரங்களில் இரண்டு பெரும் பிரிவுகள். வெள்ளை ஓக் வகையில் இலையின் மடல்கள் உருண்டவை. பூத்த ஆண்டே கொட்டை முற்றும், துவர்ப்பு குறைவு, கீழே விழுந்த சில நாளிலேயே வேர்விடும். சிவப்பு ஓக் வகையில் இலை மடல் நுனியில் முள்போன்ற மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டை முற்ற இரண்டு ஆண்டு. கொழுப்பு அதிகம், துவர்ப்பும் அதிகம், குளிர்காலம் முழுதும் உறங்கி வசந்தத்தில்தான் முளைக்கும். ஹை பார்க்கின் அரிய கறுப்பு ஓக் புல்வெளி இந்தச் சிவப்பு வகையில் சேர்ந்தது. ஐயம் வந்தால் ஒரு கொட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பு வகையில் உள்ளே பஞ்சுமயிர் இருக்கும், வெள்ளையில் வழவழப்பு.

இந்த வேறுபாட்டை அணில் அறியும். அறிகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

வகைக்கு 20 கொட்டை பொறுக்குங்கள். அன்றே விழுந்தவையாக இருக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பவற்றை ஒதுக்கி, குறைந்ததற்கு வேறு பொறுக்குங்கள். ஒதுக்கியவற்றில் பெரும்பாலும் வண்டுப்புழு இருக்கும் அல்லது காய்ந்திருக்கும். மூழ்கியவற்றைத் துடைத்து, காம்புப் பக்கத்தில் கிண்ணம்போல் மூடியிருக்கும் தொப்பியை நீக்கி, மரத்தடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் இடைவெளியில் இரு குவியலாகப் பத்துப் பத்து வையுங்கள். மை தடவிக் குறி வைக்க வேண்டாம், அந்த வாசனையே முடிவை மாற்றும். பாதி முடிந்ததும் குவியல்களை இடம் மாற்றி மீதிப் பத்துகளை வையுங்கள். இல்லாவிட்டால் மரத்துக்கு அருகே இருந்த குவியலைத்தான் அணில் விரும்பியது என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு வரி: எடுத்த நேரம், எந்த வகை, அங்கேயே தின்றதா, தூக்கிப் போனதா, எத்தனை அடி தூரத்தில் புதைத்தது.

வெள்ளை ஓக் கொட்டையை உட்கார்ந்த இடத்திலேயே தின்பதும் சிவப்பைத் தூக்கிப் போய்ப் புதைப்பதும் அதிகமாக இருக்கும். காரணம் எளிது. வெள்ளையைப் புதைத்தால் அது வேர்விட்டுச் சத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும், பிப்ரவரியில் தோண்டினால் வெற்று ஓடுதான் மிஞ்சும். அப்படியும் வெள்ளையைப் புதைக்க நேர்ந்தால், சில சமயம் அணில் அதன் கூர்முனையைத் திருப்பிப் பிடித்து இரண்டு மூன்று கடி கடித்து முளைக்கருவைத் துண்டித்துவிட்டுப் பிறகு புதைக்கும். கொட்டை செத்துப் போகும், உணவு மட்டும் கெடாமல் இருக்கும். அதற்கு முன் ஓக் கொட்டையையே கண்டிராத, கூண்டில் வளர்ந்த அணில்களும் இதைச் செய்ய முயல்கின்றன என்பது என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி. கூர்முனையில் சிறு வெட்டுக்குழி உள்ள முழு வெள்ளை ஓக் கொட்டை கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

புழுவைத்த கொட்டையை அணில் புதைப்பது அரிது. அங்கேயே உடைத்துத் தின்னும், பல நேரம் புழுவோடு சேர்த்து. ஒதுக்கி வைத்த மிதப்புக் கொட்டைகளை மறுநாள் வைத்து இதையும் சரிபார்க்கலாம்.

பரிசோதனை கெடுவதற்கு முதல் காரணம் நீல ஜே பறவை. தொண்டைப்பையில் நாலைந்து கொட்டையை ஒரே முறையில் அள்ளிப் போகும். அது வந்தால் எண்ணிக்கையை நிறுத்தி, இருப்பதை எண்ணி எழுதி, மீண்டும் தொடங்குங்கள். இரண்டாவது காரணம், தரையில் வளை தோண்டி வாழும் சிறு கோட்டு அணிலான சிப்மங்க். மூன்றாவது, காய்ந்த கொட்டை. வீட்டுக்குள் ஒரு வாரம் வைத்திருந்த கொட்டையை வைத்தால் வரும் முடிவுக்கு மதிப்பில்லை. 20 கொட்டையில் ஒரு போக்குதான் தெரியும், அதையே விதி என்று எழுதிவிட வேண்டாம்.

புதைக்கும் காட்சியை முழுதாகப் பாருங்கள். வாயில் கொட்டையை உருட்டி, தலையை வெடுக்கென்று ஒரு உதறு உதறும், எடை பார்ப்பது போல. பின் ஓடி, நின்று, முன்னங்காலால் சில சென்டிமீட்டர் தோண்டி, பல்லால் இடித்து இடித்துக் கொட்டையை உள்ளே திணித்து, மண் தள்ளி, இலைச் சருகை இழுத்து மேலே அமுக்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அருகில் வேறு அணில் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதைக்கும். சில சமயம் தோண்டி, மூடி, தட்டிவிட்டு, கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வேறிடம் போகும். இந்தப் பொய்க்குழியை நம்பி, புதைத்துவிட்டது என்று குறித்துவிடாதீர்கள். திரும்பும்போது கன்னமும் வாயும் எப்படி இருக்கின்றன என்று பைனாகுலரில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

தரையில் மிச்சங்களையும் தேடுங்கள். தொப்பி இருந்த பக்கம் மட்டும் கடிபட்டு, கூர்முனைப் பாதி அப்படியே கிடக்கும் சிவப்பு ஓக் கொட்டைகள் நிறையக் கிடைக்கும். தொப்பிப் பக்கத்தில் துவர்ப்பு குறைவு, கொழுப்பு கூடுதல். கூர்முனைப் பக்கத்தில்தான் முளைக்கரு இருக்கிறது. பாதி தின்று போட்ட கொட்டை பல சமயம் முளைத்து மரமாகிறது, ஓக்குக்கும் இதில் லாபம்தான். ஹிக்கரி (வால்நட்டுக்கு உறவான மரம்) கொட்டையின் ஓடு கூரிய சில்லுகளாக நொறுங்கிக் கிடந்தால் சாம்பல் அணில். ஒரே ஒரு வழவழப்பான வட்டத் துளை என்றால் இரவில் வரும் பறக்கும் அணில்.

குளிர்காலம்

இந்த அணில் குளிருறக்கம் கொள்வதில்லை. பனிப்புயலில் ஒன்றிரண்டு நாள் கூட்டை விட்டு வராது, அவ்வளவுதான். பனிக்கு அடியில் புதைத்ததை எடுப்பது நினைவாலா மோப்பத்தாலா என்று பலர் கேட்பார்கள். இரண்டாலும்தான். கூண்டில் நடந்த சோதனைகளில், நாட்கள் கழிந்த பிறகும் அணில்கள் பிறர் புதைத்த இடத்தைவிடத் தாம் புதைத்த இடத்தையே கூடுதலாகத் தோண்டின. பனியில் கூம்பு வடிவக் குழியும் அதன் ஓரத்தில் ஓட்டுச் சில்லும் இருந்தால் வெற்றி, சில்லு இல்லாவிட்டால் தேடல் மட்டும். ஒரு காலையில் இருவகைக் குழிகளையும் எண்ணி விகிதம் எழுதி வையுங்கள்.

தடத்தைப் படிப்பதற்குப் புதுப்பனி இரண்டு மூன்று செ.மீ. போதும். அணில் தாவித் தாவிப் போகும். பின்னங்கால் இரண்டும் முன்னால் விழும், ஐந்து விரல். முன்னங்கால் இரண்டும் பின்னால், நான்கு விரல், ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் இணையாக விழும். முயலின் முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். மரம் ஏறும் விலங்குக்கு இணைவு, தரையில் ஓடும் விலங்குக்கு ஏறுமாறு என்று நினைவில் வைத்தால் மறக்காது. தடம் மரத்தடியில் முடிந்தால் ஐயமே இல்லை. மேலே நிமிர்ந்து பார்த்தால், அணில் தலைகீழாக இறங்குவது தெரியலாம். பின்னங்காலின் கணுக்காலைப் பின்புறமாகத் திருப்பி நகத்தை மரப்பட்டையில் மாட்டிக்கொள்வதால்தான் அப்படி இறங்க முடிகிறது.

இலை உதிர்ந்த பிறகு கூடுகள் தெரியும். இலைக்கூடு கால்பந்தைவிடப் பெரிய உருண்டை, குறுக்களவு 30 முதல் 60 செ.மீ. அடிமரத்தை ஒட்டிய கவட்டையிலோ உறுதியான கிளைப்பிரிவிலோ இருக்கும். காக்கைக் கூட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காக்கைக் கூடு குச்சியால் ஆன கிண்ணம், இலை இராது. அணில் கோடையில் பச்சைக் கிளையை இலையோடு கடித்துக் கட்டுவதால், அந்த இலைகள் உதிராமல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மரம் தானாக உதிர்க்கும் இலைக்குக் காம்பில் பிரியும் அடுக்கு உண்டாகும், கடித்தெடுத்த கிளையில் அது உண்டாவதில்லை. கூட்டின் நடுவே வானம் தெரிந்தால் அது கைவிடப்பட்டது.

பொந்துதான் குளிருக்கும் குட்டிக்கும் சிறந்த இடம். நுழைவு 7, 8 செ.மீ. இருந்தால் போதும். அதன் விளிம்பைக் கவனியுங்கள். மரம் காயத்தை மூட உதடுபோல் வளர்ந்துகொண்டே வரும், அணில் அதைக் கடித்துக் கடித்துத் திறந்தே வைத்திருக்கும். புதிய பல்தடமும் வெளிர் நிறமும் இருந்தால் குடியிருப்பு உண்டு. உதடு மூடிக்கொண்டு வந்தால் இல்லை.

கூடுகளை எண்ணி அதையே அணில் எண்ணிக்கையாகச் சொல்பவர்கள் பலர். தவறு. ஒரு அணில் பல கூடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும், குளிரில் ஒரே கூட்டில் பல அணில்களும் ஒடுங்கும். ஆனால் அதே இடத்தில் ஆண்டுதோறும் எண்ணினால் ஏற்ற இறக்கம் தெரியும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, விடியற்காலையில் நான்கு, ஐந்து அணில்கள் ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினால் அது விளையாட்டல்ல. முன்னால் ஓடுவது பெண், மற்றவை ஆண். பெண் இணை சேரும் நிலையில் இருப்பது ஒரு நாளுக்கும் குறைவான நேரம்தான், அதனால்தான் இவ்வளவு நெருக்கடி. மூத்த ஆண் முன்வரிசையிலும் இளையவை ஓரத்திலும் நிற்கும். பெண் திடீரென்று தப்பி ஓடும், யார் முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு வாய்ப்பு. அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி 44 நாள் கூட்டுங்கள். அதுதான் பேறுகாலம்.

வசந்தம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிறப்பவை முதல் ஈற்று, பெரும்பாலும் 2 முதல் 4 குட்டி. பிறக்கையில் 13 முதல் 18 கிராம், மயிரில்லை, கண் மூடியிருக்கும். கண் திறக்க ஏறக்குறைய ஐந்து வாரம், பால் மறக்க ஏழு முதல் பத்து வாரம். ஆகவே குறித்த பிறப்புத் தேதியிலிருந்து ஆறேழு வாரம் கழித்துப் பொந்து வாயைக் கவனியுங்கள். பெரிய தலையும் மெலிந்த வாலுமாகக் குட்டிகள் எட்டிப் பார்க்கும். தாய் வாயில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கூட்டுக்கு இடம் மாற்றுவதும் இக்காலத்தில்தான். கூட்டருகே நீங்கள் நெருங்கி நெருங்கிப் போனால் அதற்கு நீங்களே காரணமாவீர்கள். 20 மீட்டருக்குள் வேண்டாம்.

காற்றில் விழுந்த குட்டியைக் கண்டால் பால் ஊற்றாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்ச் சாகும். ஆழமில்லாத அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அதே மரத்தடியில் விட்டு விலகி நில்லுங்கள். நாயையும் பூனையையும் உள்ளே கட்டி வையுங்கள். தாய்க்கு மாற்றுக்கூடு இருக்கும், பகலில் வந்து தூக்கிப்போகும். காயம் இருந்தாலோ, பொழுது சாயும்வரை வராவிட்டாலோ மட்டும் உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரை அழையுங்கள். வளர்ப்பதற்கு வீட்டுக்குள் எடுத்துப் போவது பல மாநிலங்களில் குற்றம்.

புதைத்தது தீர்ந்து புதியது காய்க்காத ஏப்ரல், மே மாதங்கள்தான் பசிக்காலம். மேப்பிள், எல்ம் மொட்டுகளையும் பூக்களையும், பிறகு மேப்பிளின் இறக்கை விதைகளையும் தின்னும். கிளைநுனியில் தலைகீழாகத் தொங்கும் காட்சி இப்போதுதான் கிடைக்கும். எலும்பையும் மான் உதிர்த்த கொம்பையும் கடித்துச் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்ளும்.

கோடை

உடல் மயிர் ஆண்டுக்கு இருமுறை மாறும். வசந்தத்தில் தலையிலிருந்து பின்னோக்கி, இலையுதிர்காலத்தில் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி. வால் மயிர் மட்டும் ஒரே முறை, நடுக்கோடையில். பாதி உடம்பு ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம், இடையே தெளிவான கோடு என்றால் அது நோயல்ல. திட்டுத் திட்டாக மயிர் போய், தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால் சொறி. கோடை இறுதியில் தோளிலும் கழுத்திலும் வீக்கமும் நடுவே ஒரு துளையும் தெரிந்தால், அது உள்ளே வளரும் பாட் ஈயின் புழு. பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் புழு தானே வெளியேறிவிடும், பெரும்பாலான அணில்கள் தேறிவிடும். பிடித்துப் பிதுக்க முயல்வதால் கேடுதான்.

மே, ஜூனில் இரண்டாவது துரத்தல், ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டாவது ஈற்று. ஒரே பெண் இரண்டு ஈற்றும் ஈனுவது முதிர்ந்து, நன்றாகத் தின்றிருந்தால் மட்டும். கூரைக்குள் அணில் புகுந்துவிட்டது, துளையை அடைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. பிப்ரவரி முதல் மே வரையும், ஜூலை முதல் அக்டோபர் வரையும் அடைக்காதீர்கள். உள்ளே குட்டிகள் இருக்கும், தாய் கூரையைப் பிய்த்தாவது திரும்ப நுழையும்.

குரலும் வாலும்

மூன்று ஒலிகளைப் பிரித்தறிந்தால் பாதி வெற்றி. 'குக் குக் குக்' என்று குட்டையாக, வேகமாக வருவது ஒன்று. 'க்வாஆ' என்று இழுத்துக் கரகரப்பது இன்னொன்று. இவ்விரண்டும் பூனை, நாய், நரி போன்ற தரை எதிரிக்கு அதிகம் கேட்கும். தாழ்ந்த, சீழ்க்கை போன்ற முனகல் மூன்றாவது, அது பருந்து போன்ற வானத்து எதிரியோடு சேர்ந்து வரும். வாலைப் பாம்புபோல் பெரிதாகச் சுழற்றி வீசினால் கீழே பாருங்கள். சிறு துடிப்பு மட்டும் என்றால் பொதுவான கலக்கம். முனகல் கேட்டால் பைனாகுலரை அணிலிடமிருந்து எடுத்து மேலே திருப்புங்கள். செவ்வால் பருந்து எங்கேனும் ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

எண்ணுவது

2018 அக்டோபரில் சென்ட்ரல் பார்க்கை ஹெக்டேர் கட்டங்களாகப் பிரித்துத் தன்னார்வலர்கள் அணில்களை எண்ணினார்கள். 3,023 முறை கண்ணில் பட்டவற்றிலிருந்து 2,373 அணில்கள் என்று கணக்கிட்டார்கள். கண்ணில் பட்ட எண்ணும் அணில்களின் எண்ணும் வேறு என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உங்கள் இடத்தில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டம் ஒன்றை அடையாளமிட்டு, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, தலா 20 நிமிடம் மெதுவாக நடந்து எண்ணுங்கள். மரத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆள் நகர நகர அணிலும் மரத்தைச் சுற்றி ஒளியும். இருவர் சேர்ந்து, ஒருவர் நிற்க மற்றவர் சுற்றினால் அந்த ஏமாற்று நடக்காது. மழையிலும் பலத்த காற்றிலும் எண்ணாதீர்கள்.

செப்டம்பரில் சாலையில் அடிபட்ட அணில்கள் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். இளம் அணில்கள் புது இடம் தேடிப் புறப்படும் காலம் அது. 1968 செப்டம்பரில் கிழக்கு அமெரிக்கா முழுவதும் இது பேரளவில் நடந்தது. முந்தைய ஆண்டு ஓக் அபாரமாகக் காய்த்ததில் அணில்கள் பெருகின, அந்த ஆண்டு காய்ப்பு பொய்த்தது. சாலைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் செத்த அணில்கள் கிடந்தன.

ஆகவே ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. இலையுதிர்வுக்கு முன், கொட்டை இன்னும் மரத்தில் இருக்கையில், ஒவ்வொரு ஓக்கின் கீழும் நின்று உச்சியின் ஒரு பகுதியைப் பைனாகுலரில் 15 விநாடி எண்ணுங்கள், வேறொரு பகுதியை இன்னொரு 15 விநாடி. இரண்டையும் கூட்டி, மரத்தின் எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மரங்கள், அதே ஆள். எண்ணுபவர் மாறினால் வேகமும் மாறிவிடும். இந்தக் கூட்டுத்தொகை புது நோட்டின் முதல் பக்கத்தில் வரட்டும். அடுத்த குளிரின் கூடு எண்ணிக்கைக்கும் அடுத்த மே மாதம் பொந்து வாயில் தெரியும் குட்டி எண்ணிக்கைக்கும் அதே பக்கத்தில் இரண்டு வரி காலியாக விட்டு வையுங்கள்.